சரிவில் முப்பத்தொன்று

ஜூன் 12, வெள்ளி

அன்புள்ள நெட்டச்சிக்கு,

எண்ணிக்கைத் தாள் தாமதம் என்று திட்ட ஆரம்பிக்காதே. நேற்று மாலையே உறையில் வைத்து ஒட்டப் போனேன். அதற்குள் குண்டம்மா எழுந்துவிட்டாள். ஏழு மாதம்தான் ஆகிறது. ஆனால் அவள் எழுந்துவிட்டால் இந்த வீட்டில் வேறு யாருக்கும் கை கிடையாது.

நான்கு கோடை நீ நடந்த பாதையில் நேற்று முதல் முறையாகத் தனியாக நடந்தேன். தனியாக என்றால், அவளை நெஞ்சோடு துணியில் கட்டிக்கொண்டு. ரயில்வே வேலியோரம், தண்ணீர்த் தொட்டி, முள்புதர், பழைய குவாரியின் தரை, கடைசியில் குவாரிச் சரிவு. ஐந்து பகுதியும் முடிக்க ஒன்றே கால் மணி நேரம் ஆயிற்று. நீ நாற்பது நிமிடத்தில் முடிப்பாய். உன் கால் நீளம் எனக்கு ஏது? அதோடு என் முன்னால் ஏழு கிலோ தொங்குகிறது.

பகுதி வாரியாக நம் பூச்சி: நான்கு, சைபர், இரண்டு, பதினொன்று, முப்பத்தெட்டு. ஆமாம், சரிவில் மட்டும் முப்பத்தெட்டு! அந்த ஊதாப் பூக்களில் இரண்டும் மூன்றுமாக உட்கார்ந்திருக்கின்றன. கறுப்பு இறக்கை, அதில் ஆறு சிவப்புப் பொட்டு. பக்கத்தில் போனாலும் அசைவதில்லை. உச்சி வெயிலில், யாருக்கும் பயப்படாமல், வேலைக்குப் போகிறவர்கள் மாதிரி மெதுவாகப் பறக்கின்றன. புல் தண்டில் மஞ்சள் காகிதம் சுருட்டியது போல நிறையக் கூடுகள். இன்னும் வெளியே வராதவை இருக்கின்றன.

வீட்டில் அவரிடம் சொன்னேன். பஸ்ஸும் ஓட்டி டிக்கெட்டும் கொடுத்துக் களைத்து வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் கேட்கிறார்: "அந்துப்பூச்சியா? அது ராத்திரியில வந்து லைட்டுல முட்டும், இல்லன்னா அலமாரியில துணியத் தின்னும். பகல்ல பறந்தா அது பட்டாம்பூச்சிதானே?" உணர்கொம்பு, ரோமம் என்று பத்து நிமிடம் விளக்கினேன். "சரி, ஷிஃப்ட் மாறின அந்துப்பூச்சின்னு வச்சுக்கறேன்," என்றார்.

தூக்கம் இல்லை. அது புதுச் செய்தியும் இல்லை. அவள் தூங்கும்போதும் நான் பக்கத்தில் உட்கார்ந்து மூச்சு எண்ணுகிறேன். நிமிடத்துக்கு இத்தனை என்று ஒரு நோட்டில் எழுதியும் வைக்கிறேன். சிரிக்காதே.

மறக்காமல் பதில் போடு. போனில் பேசினால் நீ சீக்கிரம் வைத்துவிடுகிறாய்.

உன்,
சுண்டெலி


ஜூன் 16

என் சுண்டெலிக்கு,

முப்பத்தெட்டைப் பார்த்துவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்தே நின்றுவிட்டேன். பக்கத்து மேசைக்காரர், "என்ன மேடம், சம்பளம் ஏத்திட்டாங்களா?" என்று கேட்டார்.

இங்கே என் அறை முழுக்க நாப்தலின் வாசனை. நம் பூச்சி இழுப்பறையில் இருநூறு இருக்கின்றன, எல்லாம் ஊசி குத்தியவை. சிவப்பெல்லாம் பழைய செங்கல் நிறத்துக்கு வந்துவிட்டது. அருங்காட்சியக வேலை வேண்டும் என்று அழுது வாங்கியவள் நான்தான், யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் வியாழக்கிழமை பதினொரு மணி ஆனால் கால் அரிக்கிறது. எனக்காகவும் சேர்த்து நட.

உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் சொல்வேன். உன் முன்னால் ஒரு பெட்டி இருப்பதாக வைத்துக்கொள்: அகலம் ஐந்து அடி, முன்னே ஐந்து அடி. அதற்குள் வந்ததுதான் கணக்கு. தாண்டிப் போனதைத் திரும்பிப் பார்த்துச் சேர்க்காதே. போன கோடையில் என்னோடு வந்தபோதெல்லாம் கழுத்தைத் திருப்பித் திருப்பி, "இதோ இன்னொண்ணு, இதோ இன்னொண்ணு" என்று உயிரை வாங்கினாய். அப்புறம், சைபர் வேறு, கோடு வேறு. நடந்து போய் ஒன்றும் இல்லை என்றால் சைபர். போகவே இல்லை என்றால் கோடு. கோடு போடுவதில் வெட்கம் இல்லை. பிள்ளை வைத்திருக்கிறாய், நான்கு கோடு போட்டால்கூட ஒன்றும் சொல்ல மாட்டேன்.

சரிவை என்ன செய்வதென்று முடிவு செய்யும் குழு ஜூலை இருபதாம் தேதி கூடுகிறது. சாலை வளைவை அகலப்படுத்தச் சரிவை வெட்டச் சாலை அலுவலகத்தார் கேட்கிறார்கள். அவர்களிடம் வரைபடம், இயந்திரம், ஆள் எல்லாம் இருக்கிறது. நம்மிடம் உன் தாள் இருக்கிறது.

நீ எப்போது சாப்பிடுகிறாய், எப்போது தூங்குகிறாய்? அதை முதலில் எழுது.

நெட்டச்சி


ஜூன் 26

அன்புள்ள நெட்டச்சிக்கு,

இரண்டு வாரத் தாளும் சேர்த்து வைத்திருக்கிறேன். சரிவில் பதினெட்டாம் தேதி முப்பத்து நான்கு, நேற்று முப்பத்தாறு. மற்ற நான்கும் தாளில் உள்ளபடி.

குண்டம்மாவுக்குக் கீழ்ப்பல் முளைக்கிறது. கையில் கிடைப்பதெல்லாம் வாய்க்குத்தான்: செருப்பு வார், என் பேனா மூடி, அவருடைய டிக்கெட் மெஷின் உறை. வீட்டைப் பெருக்கிப் பெருக்கி இடுப்பு விட்டுப்போச்சு. இப்போது தள்ளுவண்டியில் கொசுவலை போட்டுத்தான் வெளியே அழைத்துப் போகிறேன்.

ஒன்று கேட்கிறேன், சும்மாதான். அந்தப் பூச்சியின் உடம்பில் விஷம் என்று எண்ணக் கற்றுக்கொடுத்த வகுப்பில் நீ சொன்னாயே, அது எவ்வளவு இருக்கும்? பறவை துப்பிவிடும் என்றாய். துப்பாமல் விழுங்கினால்?

எழுத நிறைய இருந்தது. பால் கொதிக்கிறது.

சுண்டெலி


ஜூலை 3

என் சுண்டெலிக்கு,

மூன்று வாரமும் முப்பதுக்கு மேல்! போன கோடையை விட நல்ல கோடை. குழுத் தலைவர் ஒருவேளை இளகுவார்.

விஷம் பறவைக்கு வாய் கசக்கிற அளவுதான். உன்னை மாதிரி ஆள் பத்துப் பூச்சி தின்றாலும் வாந்தியோடு போகும் என்று நினைக்கிறேன், ஆனால் தின்று பார்த்தவர் யாரையும் எனக்குத் தெரியாது. ஏன் கேட்டாய்? சமையலில் அலுத்துவிட்டதா?

ஓர் உதவி. சரிவில் புல் தண்டோடு ஒட்டிய காலிக் கூடு ஒன்று கிள்ளி உறையில் போடு. குழுவின் மேசையில் வைக்க வேண்டும். எண் சொன்னால் கொட்டாவி விடுவார்கள். கூட்டைப் பார்த்தால் கையில் எடுத்துப் பார்ப்பார்கள்.

கடைசிக் கடிதம் உன் கடிதம் மாதிரியே இல்லை. அவசரமா, கோபமா?

நெட்டச்சி


ஜூலை 10

அன்புள்ள நெட்டச்சிக்கு,

கோபம் எல்லாம் இல்லை. களைப்பு. தலை சீவி எத்தனை நாள் ஆயிற்று என்று எண்ண ஆரம்பித்து, பாதியில் மறந்துவிட்டேன்.

சரிவில் இரண்டாம் தேதி முப்பத்து மூன்று, நேற்று முப்பத்தொன்று. கூடு இந்த முறை எடுக்க முடியவில்லை. அவள் அழுதுகொண்டே இருந்தாள். உன் இழுப்பறையில் பழையது ஒன்று இருக்குமே, அதை வைத்துக்கொள்ளேன்.

உன்னைக் குறை சொல்வதாக நினைக்காதே. ஆனால் நெட்டச்சி, நீ ஒரு முறையாவது ரயில் ஏறி வந்திருக்கலாம். எட்டு மணி நேரம்தானே. குழந்தையைப் பார்க்கக்கூட நீ இன்னும் வரவில்லை. பூச்சி எப்படி இருக்கிறது என்று நான்கு வரி கேட்கிறாய். அவளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

இதைக் கிழித்துவிட்டு வேறு எழுத நேரமில்லை. அப்படியே அனுப்புகிறேன்.

சுண்டெலி


ஜூலை 22

தோழிக்கு,

இருபதாம் தேதி நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

உன் எண்களை வாரம் வாரமாக வாசித்தேன். ஜூலை ஒன்பது, சரிவு, முப்பத்தொன்று என்று சொன்னபோது என் குரலில் பெருமை இருந்தது. சாலை அலுவலகப் பொறியாளர் கையைத் தூக்கினார். ஒரு புகைப்படத்தை மேசையில் வைத்தார். சரிவு முழுக்க மொட்டை. அளவெடுப்பதற்காக ஜூலை ஆறாம் தேதி புல்லை அடியோடு வெட்டியிருக்கிறார்கள். படத்தில் தேதி இருக்கிறது.

"மேடம், ஒரு சந்தேகம். புல்லே இல்லாத இடத்துல முப்பத்தொரு பூச்சி எது மேல உக்காந்துச்சு?" என்று கேட்டார். யாரோ சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

வெட்டப்போவதாக ஜூன் இருபத்து நான்கிலேயே அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள். எங்கே தெரியுமா? நம் ஐந்தாம் பகுதி தொடங்கும் கட்டையில், நான் பெயின்ட் அடித்து எண் எழுதிய அதே கட்டையில். ஆட்சேபம் இருந்தால் தெரிவிக்கலாம் என்று. பன்னிரண்டு நாள் இருந்திருக்கிறது. அந்தப் பன்னிரண்டு நாளில் நீ இரண்டு முறை அந்தக் கட்டையைத் தாண்டியதாகத் தாள் சொல்கிறது. ஒரு வரி எனக்கு எழுதியிருந்தால் அன்றே தடை வாங்கியிருப்பேன். கூட்டில் இருந்தவை வெளியே வந்திருக்கும்.

வராததற்குக் கோடு போடு என்றேன். நான்கு போட்டாலும் பரவாயில்லை என்றேன். அந்தக் கடிதம் உன்னிடம் இருக்கும், எடுத்துப் பார்.

குழந்தையைப் பார்க்க நான் வராதது தவறுதான். அதற்கு இது பதில் இல்லை.

பதிவாளர், பூச்சிப் பிரிவு


ஜூலை 24

நெட்டச்சி,

இந்தப் பெயரில் கூப்பிடலாமா தெரியவில்லை. வேறு எப்படிக் கூப்பிடுவதென்றும் தெரியவில்லை.

ஜூன் பதினெட்டாம் தேதி நான் சரிவுக்குப் போனேன். அதுவே கடைசி. பாதிச் சரிவில், ஒன்பதோ பத்தோ எண்ணியிருப்பேன், ஒரு பூச்சி வந்து அவள் கைமேல் உட்கார்ந்தது. உனக்குத் தெரியுமே, அது பயப்படாது. எனக்கு அழகாக இருந்தது. ஒரு நொடி பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் கையை மூடினாள். மூடிய கையை வாயில் வைத்தாள்.

விரலை விட்டுத் தோண்டினேன். பாதிப் பூச்சி வந்தது. உதட்டில் சிவப்பு இறக்கைத் துணுக்கு, மஞ்சளாக ஒரு சொட்டு. உன் வகுப்பு முழுக்க ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது. பேனாவை அங்கேயே போட்டுவிட்டு ஓடினேன். சரிவில் எப்படி இறங்கினேன் என்று இன்றும் தெரியாது.

மருத்துவர் அவள் நாக்கைப் பார்த்தார், நாடி பார்த்தார். "எத்தன பூச்சிம்மா சாப்ட்டா?" என்றார்.

"ஒண்ணு டாக்டர். அதுவும் பாதி."

"மிச்சப் பாதி?"

கைக்குட்டையைப் பிரித்துக் காட்டினேன். அவர் சிரிக்காமல் இருக்க ரொம்பக் கஷ்டப்பட்டார். "பாதிப் பூச்சிக்கு ஒண்ணும் ஆகாதும்மா. ஒரு மணி நேரம் இங்கயே உக்காருங்க, பாத்துட்டு அனுப்பறேன். அதுக்குள்ள நீங்க ஏதாவது சாப்டுங்க. இப்ப பாத்துக்க வேண்டியது உங்களத்தான், அவள இல்ல."

ஒன்றும் ஆகவில்லை. அன்று மாலையே அவள் செருப்பைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஆனால் என்னால் அதன் பிறகு சரிவில் ஏற முடியவில்லை. தள்ளுவண்டியில் வலை போட்டு, தட்டையான நான்கு பகுதியும் நடந்தேன். அந்த எண்கள் உண்மை, குழந்தை மேல் ஆணை. குவாரித் தரையின் முடிவில் நின்று அண்ணாந்து பார்ப்பேன். ஐந்தாம் பகுதியின் கட்டை சரிவின் மேலே வேறொரு புதருக்குப் பின்னால் இருக்கிறது, அங்கிருந்து தெரியாது. அறிவிப்பு தெரியாது. மேலே புல் இருக்கிறதா இல்லையா என்பதுகூட அந்த வெளிச்சத்தில் தெரியவில்லை. அல்லது நான் சரியாகப் பார்க்கவில்லை.

இனி சொல்வதுதான் எனக்கே அசிங்கம். முப்பத்து நான்கு, முப்பத்தாறு, முப்பத்து மூன்று, முப்பத்தொன்று. அவை பூச்சி இல்லை. அவளுடைய மூச்சு. அந்தந்த வியாழக்கிழமை காலையில் அவள் தூங்கும்போது நிமிடத்துக்கு எத்தனை என்று என் நோட்டில் எழுதியவை. முதல் முறை கோடு போடத்தான் பேனாவை எடுத்தேன். கோடு போட்டால் ஏன் என்று கேட்பாய். சொன்னால், பூச்சியை வாயில் போடும் வரை வேடிக்கை பார்த்த அம்மா என்று நினைப்பாய். நோட்டு பக்கத்தில் திறந்து கிடந்தது. முப்பத்து நான்கு என்று இருந்தது. போன வருடத் தாளோடு ஒத்தும் போயிற்று. எழுதிவிட்டேன். அடுத்த வாரம் அதைவிடச் சுலபமாக இருந்தது.

அவரிடம்கூட மருத்துவரிடம் போனதைத்தான் சொன்னேன், தாளைச் சொல்லவில்லை. நேற்றுதான் சொன்னேன். பஸ்ஸில் யாரும் ஏறாத ஸ்டாப்பில் டிக்கெட் கிழித்த மாதிரி என்றார். எனக்கு அதுவே அதிகம்.

நீ அந்த அறையில் சிரித்ததாக எழுதியிருந்தாய். அதை வாசித்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். இந்தக் கடிதத்தை நீ குழுவிடம் கொடுக்க வேண்டுமென்றால் கொடு. அந்த நான்கு எண்ணும் பொய் என்று முழுப் பெயரோடு எழுதிக் கையெழுத்துப் போட்ட தாள் ஒன்று தனியாக உள்ளே இருக்கிறது.

சுண்டெலி


ஆகஸ்ட் 7

நெட்டச்சி,

பதில் வரவில்லை. வர வேண்டும் என்று கேட்கவும் இல்லை. இது நீ கேட்காத தாள். நீ பதிவில் ஏற்ற வேண்டாம்.

நேற்று வியாழன். அவர் விடுப்புப் போட்டார். வேலிக் கதவருகே சிமென்ட் பெஞ்சில் அவளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து, "நீ போய் நிதானமா நடந்துட்டு வா. இவ எந்தப் பூச்சியத் தின்னாலும் நான் பில் வாங்கி வைக்கறேன்," என்றார். முதல் பகுதி முழுக்கத் திரும்பித் திரும்பி அவர்களைத்தான் பார்த்தேன். இரண்டாம் பகுதியில் தொட்டி மறைத்துவிட்டது.

வெயில் நன்றாக இருந்தது, காற்று இல்லை. ஒன்று, சைபர், சைபர், மூன்று. பருவம் முடிகிறது, இறக்கையெல்லாம் கிழிந்து, நிறம் வெளுத்துத்தான் இருக்கின்றன.

பிறகு சரிவு. அறிவிப்பின் நான்கு மூலையும் இன்னும் கட்டையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, நடுத்தாள் இல்லை. புல் வெட்டிய ஒப்பந்தக்காரர் மேலே சங்கிலி பிடித்து அளந்துகொண்டிருந்தார். நான் கேட்காமலே சொன்னார்: "பன்னெண்டு நாள் ஒட்டி வச்சிருந்தோம்மா. யாராவது வந்து வேணாம்னு சொல்லுவாங்கன்னுதான் பாத்தேன். எனக்கு வேற எடத்துலயும் வேலை இருந்துச்சு. ஒரு ஆளும் வரல."

நான்தான் வர வேண்டிய ஆள் என்று சொன்னேன். அவர் சங்கிலியைக் கீழே வைத்தார். தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

அடித்தண்டுகள் குத்தின. வெட்டிப் போட்ட புல் குவியலைக் கிளறினேன். கூடுகள் இருந்தன. சில மேலே திறந்து காலியாக, பல மூடியபடி. மூடியதை அழுத்திப் பார்த்தால் உள்ளே காய்ந்த சத்தம். நீ கேட்ட காலிக் கூடு ஒன்றை உறையில் வைத்திருக்கிறேன், ஒரு மாதம் தாமதமாக.

மேலிருந்து கீழே கடைசிக் கட்டை வரை நடந்தேன். பெட்டிக்குள் ஒன்றும் வரவில்லை. முடிய நான்கு அடி இருக்கும்போது காதோரம் ஏதோ கனமாக, மெதுவாகப் பறந்து பின்னால் போயிற்று. ஈயாகவும் இருக்கலாம். கறுப்பாகத் தெரிந்த மாதிரி இருந்தது, சிவப்பாகவும் தெரிந்த மாதிரி இருந்தது. எனக்கு எது வேண்டுமோ அது தெரியும் என்று எனக்குத் தெரியும். கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது. திரும்பவில்லை.

ஐந்தாம் பகுதி: சைபர்.

கதவுக்கு வந்தபோது அவள் தூங்கியிருந்தாள். நான் எண்ணவில்லை.

சுண்டெலி


ஆகஸ்ட் 19

சுண்டெலிக்கு,

உன் ஜூலை இருபத்து நான்காம் தேதிக் கடிதத்தைக் குழுவிடம் கொடுக்கவில்லை, கையெழுத்துத் தாளை மட்டும் கொடுத்தேன். நான்கு எண்களின் மேலும் சிவப்பு மையில் கோடு போட்டு, பக்கத்தில் என் கையெழுத்தும் போட்டேன். பூச்சி வாய்க்குள் போன கதை என்னோடு இருக்கும். அன்றே எழுதியிருந்தால் அடுத்த ரயிலில் வந்திருப்பேன். வந்திருப்பேனா என்று பிறகு யோசித்தேன். பதில் எழுத இத்தனை நாள் ஆனது அதனால்தான்.

குழு எதையும் தீர்க்கவில்லை. சரிவை இப்போதைக்கு வெட்ட மாட்டார்கள். புல் வளர்கிறதா, பூச்சி திரும்புகிறதா என்று அடுத்த கோடை முழுக்க எண்ணித் தர வேண்டும். ஒருவர் எண்ணினால் போதாதாம். ஒவ்வொரு தாளிலும் இரண்டு பேர் கையெழுத்து வேண்டுமாம். பொறியாளர் கேட்டது அது. என்னால் மறுக்க முடியவில்லை.

அடுத்த கோடைக்கான வெற்றுத் தாள் பத்து இத்துடன். உன் ஊருக்கு மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன். கிடைக்காவிட்டால் சம்பளமில்லா விடுப்பு. நடப்பவர் பெயர் என்று இரண்டு கட்டம் இருக்கிறது. ஒன்றில் என் பெயர் எழுதிவிட்டேன். இன்னொன்றை நான் நிரப்பக் கூடாது.

கோபம் போய்விட்டது என்று எழுதினால் அதுவும் நடக்காமல் போட்ட எண்ணாகிவிடும்.

கூடு நசுங்காமல் வந்தது. மேசை விளக்கடியில் வைத்திருக்கிறேன். பக்கத்து மேசைக்காரர் எடுத்து எடுத்துப் பார்க்கிறார். நீ பதிவில் ஏற்ற வேண்டாம் என்ற தாளை ஏற்றிவிட்டேன். ஐந்தாம் பகுதி, ஆகஸ்ட் ஆறு, சைபர். உன் கையெழுத்தில் நான் சந்தேகப்படாத எண் அது.

பின்னால் பறந்ததை ஏற்றவில்லை. ஏற்றவும் முடியாது. ஆனால் எந்தக் காதோரம் போயிற்று என்று மட்டும் எழுது.

நெட்டச்சி